'கழுதை': விலங்கா, வசவா, செல்லமா? பொருள் பிரிக்கும் வழி

வசனத்தில் 'கழுதை' வந்தால் வினைமுற்றை நம்பாதீர்கள். "கழுதை எங்க போச்சு?" என்பதில் தேடப்படுவது பொதி சுமக்கும் விலங்காகவும் இருக்கலாம், வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். ஆளைத் திட்டும்போதும் 'போனான்' என்னாமல் 'போச்சு' என்பதுதான் பேச்சு வழக்கு. இப்படித் திணை மாறுவதை உவப்பு, செறல், இழிப்பு போன்ற காரணங்களுக்காக நன்னூலே ஏற்கிறது. மகிழ்ச்சி, கோபம், இளக்காரம்: 'கழுதை' இந்த மூன்று தொனியிலும் வரும்.

அதனால் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். 'ரெண்டு', 'மேயுற', 'குட்டி போட்ட' என்றால் விலங்கு. 'டேய்', 'போடி', 'அறிவுகெட்ட' என்றால் ஆள். அடுத்து, யார் யாரிடம் சொல்கிறார்? பாட்டி பேரனிடம் "வாடா கழுதை, சாப்டுட்டுப் போ" என்றால் செல்லம். அதே வாயில் 'அறிவுகெட்ட' சேர்ந்தால் செல்லம் போயிற்று. இளையவர் பெரியவரைச் சொன்னால் எந்தத் தொனியிலும் மரியாதைக் குறைவுதான்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. "போனாப் போகுது கழுதை, வேற வாங்கிக்கலாம்." இங்கே விலங்கும் இல்லை, திட்டு வாங்குபவரும் இல்லை, வெறும் சலிப்பு. 'முட்டாள்' என்று பொருள் எடுத்தால் வாக்கியமே குலைந்துவிடும்.

விலங்கை மாற்றிப் போட்டால் குற்றச்சாட்டே மாறும். கழுதை, புத்தியோ பொறுப்போ இல்லாதவன். எருமை, எவ்வளவு சொன்னாலும் உறைக்காதவன். மேலே மழை பெய்தாலும் அசையாது என்பதால் வந்த பெயர். 'நாயே' என்பதில் செல்லத்துக்கு இடம் குறைவு. வசனத்தில் 'பன்னி' என்றே எழுதுங்கள்; 'பன்றியே' என்றால் திட்டு பாடப்புத்தகமாகிவிடும்.

பழமொழிகளைத் தனியாகக் கையாள வேண்டும். 'ஏழு கழுதை வயசு' எந்தக் கணக்கும் இல்லை. வளர்ந்தும் பொறுப்பு வரவில்லை என்ற இடிப்பு. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' அருமை தெரியாதவரைக் குறிக்கும். பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் சொல்வது. அதைக் 'கழு தைக்க' என்று பிரித்து, கழு என்ற கோரைப்புல்லில் பாய் தைத்தால் கற்பூர வாசனை தெரியும் என்று சொல்லும் விளக்கம் சுவையானதுதான், ஆனால் பேச்சில் யாரும் அந்தப் பொருளில் சொல்வதில்லை. 'கழுதை கெட்டா குட்டிச்சுவர்' என்பதில் 'கெட்டா' என்றால் காணாமல் போனால் என்று பொருள். வழக்கமான ஒரே இடத்தில் போய் நிற்கும் ஆளுக்குத்தான் அது பொருந்தும். ஒழுக்கம் கெட்டவனைப் பற்றிப் போட்டால் தப்பு.