வகுப்பை முந்திப் போகும் பிள்ளைகள்: தொடக்கப் பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாம் வகுப்பில் 28 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தேர்வில் ஆறு பேர் 20-க்கு 20. ஆறு பேரையும் 'நல்லாப் படிக்கிற பிள்ளைகள்' என்று ஒரே வரிசையில் உட்கார வைப்பதில்தான் பெரும்பாலான பள்ளிகளின் முதல் தவறு தொடங்குகிறது. வினாத்தாள் 20-ல் முடிந்துவிட்டது. பிள்ளையின் அறிவு எங்கே முடிகிறது என்று அந்தத் தாளில் தெரியாது. ஆறு பேரில் நான்கு பேர் அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களாக இருக்கலாம். ஒருத்தி ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போடக்கூடியவளாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கத் தனி நிபுணர் வேண்டியதில்லை. அந்த ஆறு பேருக்கும் நான்காம் வகுப்பின் மூன்றாம் பருவ வினாத்தாளைக் கொடுங்கள். 80 சதவீதம் சரியாகப் போட்டவர்களுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்புத் தாள். பாதிக்குப் பாதி தப்பாகிற இடம் வரும்வரை மேலே போக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கற்பிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். கணக்குக்குத் தனியாக, தமிழுக்குத் தனியாக, ஆங்கிலத்துக்குத் தனியாகப் பாருங்கள். கணக்கில் இரண்டு வகுப்பு முன்னே நிற்பவன் தமிழ் வாசிப்பில் வகுப்போடு வகுப்பாக இருப்பது சாதாரணம்.

தாளோடு நிறுத்தாமல் வாயாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'ஒரு எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 3. அந்த எண்ணை இரண்டு மடங்காக்கினால் மீதி எவ்வளவு?' வகுத்தல் தெரிந்த பிள்ளைகள் பலர் 6 என்பார்கள், சரிதான். 'மூன்று மடங்காக்கினால்?' இங்கேதான் பிரியும். வாய்ப்பாடு மாதிரி 9 என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். 'மீதி எப்படி டீச்சர் 7-ஐ விடப் பெருசா வரும்?' என்று தானே நிறுத்தி 2 என்பவன் இன்னொரு பக்கம். சில பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் ஸ்லேட்டில் 10-ஐ எழுதி, 30-ஐ வகுத்துப் பார்த்து 2 என்று கண்டு, சந்தேகத்துக்கு 17-ஐயும் எடுத்து 51-ஐ வகுத்துப் பார்க்கும். விடை கிடைத்த பிறகும் சோதித்துப் பார்க்கிற அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்து வையுங்கள். மார்க் பட்டியலில் அது ஐந்தாவது இடத்தில் இருந்தாலும் சரி.

விட்டுப்போகும் பெயர்கள்

'உங்க வகுப்புல கெட்டிக்காரப் பிள்ளைங்க யார் யார்?' என்று ஆசிரியரைக் கேட்டுப் பட்டியல் போடுவது சுலபம். அந்தப் பட்டியலில் கையெழுத்து அழகாக உள்ளவர்கள், நோட்டுக்கு அட்டை போட்டவர்கள், பெற்றோர் அடிக்கடி வந்து விசாரிக்கிறவர்கள் தவறாமல் இருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளையைப் பாருங்கள். 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு 40 கட்டு, மூன்று கட்டைக் கழித்துப் போட்டால் மீதி 925 என்று மனதிலேயே சொல்லும். அதே பிள்ளை பயிற்சி நூலில் 1000-லிருந்து 75-ஐக் கழிக்கும்போது கடன் வாங்குவதைத் தப்பாக எழுதும். திருத்துகிறவர் கண்ணில் படுவது இரண்டாவது மட்டும்தான்.

ஆகவே யாரையும் முன்கூட்டித் தேர்ந்தெடுக்காமல் வகுப்பு முழுவதையும் சோதியுங்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் 2005-ல் இப்படிச் செய்தது. ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்தவர்களை மட்டும் பார்ப்பதை விட்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொற்கள் தேவைப்படாத ஒரு சோதனை வைத்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளும் முன்னைவிடக் கணிசமாக அதிகம் தேர்வானார்கள். தேர்வுக்கான அளவுகோலை இதற்காகத் தளர்த்தவில்லை. அந்தப் பிள்ளைகள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை.

பட்டியல் தயாரானதும் ஒரு சின்ன வேலை: பிறந்த தேதியைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே முதல் வகுப்பில் மூத்ததற்கும் இளையதற்கும் பத்து, பதினொரு மாதம் வித்தியாசம் இருக்கும். ஆறு வயதில் அது பெரிய இடைவெளி. பட்டியலில் எல்லாமே வகுப்பின் மூத்த பிள்ளைகளாக வந்தால், திறமையோடு வயதையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள். இளைய பிள்ளைகளை மறுபடி பாருங்கள்.

பேசினால் பொறிதட்டுகிற மாதிரிப் பதில் சொல்லி, எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நின்றுவிடுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிடக் கூடாது. கற்றல் குறைபாடும் மிகுந்த திறனும் ஒரே பிள்ளையிடம் இருக்க முடியும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். அதுவரை சோதனையை வாய்மொழியாக வையுங்கள்.

ஒரே நாள் தேர்வு

ஊரில் கோயில் கொடை விழா. இரவெல்லாம் வில்லுப்பாட்டும் சாமியாட்டமும் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி வழிகிற பிள்ளையிடம் தாளை நீட்டி, 'இவன் தேறமாட்டான்' என்று எழுதி வைப்பது நடக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு தேர்வில் உச்சியில் நின்றவர்கள் அடுத்த தேர்வில் கொஞ்சம் இறங்குவார்கள், ஏனென்றால் அந்த உச்சியில் அன்றைய அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அதைச் சறுக்கல் என்று சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறையாவது வைத்துச் சராசரி பாருங்கள்.

'தேர்வு, ஆசிரியர் கருத்து, வீட்டு வேலை மூன்றிலும் தேறினால்தான்' என்ற விதியும் ஆபத்து. ஒவ்வொரு வடிகட்டலும் ஒவ்வொரு பிழையோடு வரும். மூன்றையும் அடுக்கினால் பிழையும் அடுக்கிக்கொள்ளும், கடைசியில் மிஞ்சுகிறவர்கள் எல்லாவற்றிலும் சுமாராக நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். ஒன்றில் மிகத் துலக்கமாகத் தெரிந்தால் அந்தப் பாடத்தில் அது போதும்.

கண்டுபிடித்த பிறகு

அதிகமான சேதம் நடப்பது இங்கேதான். 'டீச்சர், முடிச்சிட்டேன்.' 'அப்போ அடுத்த பக்கத்தையும் போடு.' இப்படி நான்கு முறை நடந்தால் பிள்ளை மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும். சீக்கிரம் முடிப்பதற்குத் தண்டனை கூடுதல் கணக்கு என்றால் யார்தான் முடிப்பார்கள்?

மாற்று வழி இது. பயிற்சியில் உள்ள 20 கணக்கில் மிகக் கடினமான ஐந்தை ஆசிரியர் முதலிலேயே குறித்து வைக்க வேண்டும். விருப்பமுள்ள யாரும் அந்த ஐந்தை முதலில் போடலாம். நான்கு சரியாக வந்தால் மீதி 15-ஐப் போட வேண்டாம். புதிய பாடம் தொடங்குமுன் அதன் கடைசிப் பயிற்சியைக் கொடுத்துப் பார்க்கலாம். 85 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்களுக்கு அந்தப் பாடத்தில் தெரியாததை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

மிஞ்சும் நேரத்தில் என்ன கொடுப்பது என்பதை முன்னாலேயே தயாராக வைக்காவிட்டால் இந்த முறை ஒரு வாரத்தில் சரிந்துவிடும். கழித்தலை முடித்த பிள்ளைக்கு கப்ரேகர் என்ற இந்தியக் கணித ஆர்வலரின் எண் விளையாட்டைக் கொடுங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். விடையை வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். 3524-ஐ எடுத்தால் 5432 − 2345 = 3087; 8730 − 0378 = 8352; 8532 − 2358 = 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து நிற்கும். 'மூன்று இலக்கத்தில் எந்த எண் வரும், கண்டுபிடி' என்று விட்டுவிடுங்கள். (495. ஆசிரியர் முதலில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.) பயிற்சிப் பக்கத்தைவிட அதிகமாகக் கழித்தல் இதில் நடக்கும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஐந்தாம் வகுப்பில் வாசிப்பும் எழுத்தும் முன்னே நிற்கிற பிள்ளைக்கு: 'பாளையங்கால்வாய்த் தண்ணீர் நம்ம ஊர்ல எந்த வயலுக்கு, எந்தக் குளத்துக்குப் போகுது?' இரண்டு விவசாயிகளிடம் கேட்டு ஒரு படம், அரைப் பக்கம் எழுத்து, இரண்டு வாரம். கோடகன் கால், கன்னடியன் கால் என்று எந்தக் கால்வாய் பக்கமோ அது. கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போவதும் நல்லதுதான், ஆனால் ஒரு நாள் சுற்றுலா ஆண்டு முழுவதுக்கான ஏற்பாடு ஆகாது.

கெட்டிக்காரப் பிள்ளையைக் குட்டி ஆசிரியராக்குவது அடுத்த தவறு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் சுமக்கும்போது இந்த ஆசை வருவது இயல்பு. நாளுக்குப் பத்து நிமிடம் இன்னொருவருக்கு விளக்கினால் இருவருக்கும் லாபம். அதற்கு மேல் போனால் அந்தப் பிள்ளை தன் படிப்பை விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கிறது.

ஈராசிரியர் பள்ளிக்கு ஒரு வசதியும் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் இருந்தால், கணக்கு நேரத்தில் மட்டும் அந்தப் பிள்ளையை ஐந்தாம் வகுப்போடு உட்கார வைக்கலாம். இரட்டை வகுப்பு உயர்வு பற்றிய பேச்சே தேவையில்லை. கால அட்டவணை, கட்டடம், பதிவேடு எதுவும் மாற வேண்டியதில்லை.

தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். பின்தங்கியவர்களை மேலே கொண்டுவர நல்ல ஏற்பாடு. மூன்றாம் வகுப்பில் மலர் நிலை என்றால் வகுப்புக்கு உரியதைச் செய்கிறது என்று பொருள். அதோடு வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால், எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் நுழை, நட, ஓடு, பற என்ற வரிசையில் வகுப்பைப் பார்த்துக் கொடுக்காமல் பிள்ளையின் வாசிப்பைப் பார்த்துக் கொடுங்கள்.

பிள்ளைகளைப் பிரித்து நிரந்தரமாக 'ஏ செக்‌ஷன்' உண்டாக்க வேண்டாம். ஜூனில் போட்ட குழு அக்டோபரிலும் அப்படியே இருந்தால் யாரும் மறுபடி பார்க்கவில்லை என்று பொருள். சேர்க்கையின்போதே சோதனை வைத்துப் பொறுக்கினால் அது சட்டமீறல்: கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையும் அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 வரையும் அபராதம் உண்டு.

பெற்றோர் பக்கம் ஒரு வார்த்தை. அபாகஸ் வேகமும் கணித அறிவும் வேறு. என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில் வருகிறது; நான்காம் வகுப்பிலேயே அதற்கு விடைத்தாளில் வட்டம் நிரப்பப் பழக்குவது பிள்ளையின் மாலை நேரத்தை வீணாக்குவது.

ஐந்தாம் வகுப்பு முடியும்போது

பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும். அதுவரை செய்ததெல்லாம் மாற்றுச் சான்றிதழில் இருக்காது. ஆறாம் வகுப்பில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். தலைமையாசிரியர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்: எந்தப் பாடத்தில் எந்த வகுப்புத் தாள் வரை போட்டது, எங்கே நின்றது, என்ன செயல்திட்டம் முடித்தது, எதில் உதவி வேண்டும். 'நன்றாகப் படிப்பாள்' என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. 'பின்னக் கூட்டல் தெரியும், தசமப் பெருக்கலில் புள்ளி வைப்பதில் தடுமாறுகிறாள்' என்று எழுதுங்கள். தாளோடு ஒரு நோட்டையும் சேர்த்து, ஒரு நகலைப் பெற்றோரிடமும் கொடுத்துவிடுங்கள். புதுப் பள்ளிக்கு அனுப்பிய தாள் தொலைந்துபோனாலும் வீட்டுப் பிரதி இருக்கும்.