பெட்ரோல் இயந்திரக் கருவிகள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகும் கொங்கு நாட்டு விவசாயி, கிணறு எத்தனை அடி, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும், குழாய் எத்தனை அங்குலம் என்பதையெல்லாம் மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கடைப்படி ஏறுவார். அவரே புல் வெட்டும் இயந்திரமோ மரம் அறுக்கும் இயந்திரமோ வாங்கும்போது, "எத்தனை சிசி, என்ன விலை" என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார். பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

சிசி என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் இடத்தின் கொள்ளளவு மட்டுமே. அதைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் இல்லை. சிலிண்டரின் விட்டம் 44 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 34 மில்லிமீட்டர் என்று கையேட்டில் இருந்தால், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785 ஆலும் 34 ஆலும் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 51.7 சிசி வரும். விட்டம் 40 என்றால் 42.7 சிசிதான். மேலே ஒட்டிய தாளில் எவ்வளவு பெரிய எண் அச்சாகியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரே சிசி கொண்ட இரண்டு இயந்திரங்கள் வேறு வேறு திறனைத் தரக்கூடும் என்பதால், எத்தனை கிலோவாட், எந்தச் சுற்று வேகத்தில் என்று சேர்த்துக் கேட்பதே முறை. ஒரு குதிரைத்திறன் 0.746 கிலோவாட் என்பது நினைவில் இருந்தால் ஒப்பிடுவது எளிது.

அடுத்த தவறு, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதை விலை வித்தியாசமாக மட்டும் பார்ப்பது. டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை விசை பெறுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதனால் முன்னது எடை குறைந்தும் சீற்றம் மிகுந்தும் இருக்கும். பின்னது எடை கூடினாலும் புகையும் சத்தமும் எரிபொருள் செலவும் குறைவு. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போவதால், இயந்திரத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் உயவு நிற்காது. மரம் அறுக்கும் இயந்திரங்கள் அனேகமாக எல்லாமே டூ ஸ்ட்ரோக்காக இருப்பதற்கு எடைக் குறைவோடு இதுவும் காரணம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக அடியில் நிற்கிறது. ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 35 போன்ற சில சிறிய எஞ்சின்கள் எப்படிச் சாய்த்தாலும் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. களையெடுக்கும் பவர் வீடரிலும் தண்ணீர் பம்பிலும் உள்ள பெரிய எஞ்சின்கள் அப்படியல்ல. செங்குத்தான வரப்பில் நெடுநேரம் சாய்ந்து ஓடினால் மேற்பகுதிக்கு ஆயில் எட்டாமல் போகலாம்.

எரிபொருளில் நடக்கும் தவறுதான் அதிகமான எஞ்சின்களைக் கொல்கிறது என்பது என் கணிப்பு. பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு, பெட்ரோலோடு டூ டி ஆயில் கலந்து ஊற்றுவது தெரிந்த விஷயம். அந்த வண்டிகள் வழக்கொழிந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கும், வேலைக்கு வரும் வெளியூர் ஆட்களுக்கும் அது தெரியவேண்டிய அவசியமே இருந்ததில்லை. வெறும் பெட்ரோல் ஊற்றி முடுக்கினால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் பிஸ்டன் சில நிமிடங்களிலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் உள்ள விகிதம் 50:1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கூடுதல் ஆயில் கரியாகிச் சைலன்சரை அடைக்கும். பைக்குக்கு ஊற்றும் 20W-40 ஆயிலை இதில் கலக்கக் கூடாது. காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே தயாரிக்கப்பட்ட, ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரக்குறி உள்ள ஆயில் பாதுகாப்பானது. ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது: புதிய எஞ்சின் பெரும்பாலும் ஆயில் இல்லாமலேயே பெட்டியில் வருகிறது. முதன்முதலாகக் கயிற்றை இழுப்பதற்கு முன்பு அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோல் பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதும் இங்கே பொருட்டாகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகத் தொட்டியின் அடியில் தங்கிவிடும்; ஆயிலோ மேலே பெட்ரோலோடு நிற்கும். உறிஞ்சு குழாய் அடியிலிருந்துதான் எடுக்கிறது என்பதால், டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் ஆயிலே இல்லாத திரவம் போய்ச்சேரும். எனவே புதிதாக வாங்குபவர், இந்தப் பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் குழாய்களும் கார்புரேட்டர் சவ்வும் உள்ள மாதிரிதானா என்று கேட்க வேண்டும்; கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் கேனில் வைத்திருக்கவும் கூடாது.

வேலையைப் பார்க்காமல் கருவியைத் தேர்ந்தெடுப்பதும் பரவலாக நடக்கிறது. கோவை கொடிசியா வளாகத்து வேளாண் கண்காட்சியில் இளம்புல்லை அழகாக வெட்டிக் காட்டும் நைலான் நூல், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டின் (மேய்ச்சல் நிலத்தின்) சரளைக் கல்லில் விரைவில் தேய்ந்து தீர்ந்துவிடும். அங்கே முற்றிய தண்டுக்குப் பல் வைத்த இரும்புத் தகடு வேண்டும். கல் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் காலுக்குக் காப்பும் வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர் வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டி அகற்ற வேண்டியிருப்பதால் மரம் அறுக்கும் இயந்திரத்துக்குத் தேவை கூடியிருக்கிறது. தென்னையின் தண்டு பெரும்பாலும் ஓர் அடிக்குச் சற்று முன்பின் விட்டம் கொண்டது. சங்கிலி சுற்றி ஓடும் பட்டை 16 அல்லது 18 அங்குலம் இருந்தால் போதும். 45 சிசி எஞ்சினில் 22 அங்குலப் பட்டையை மாட்டினால் எஞ்சின் திணறும், சங்கிலியும் சூடேறும். சங்கிலிக்கென உள்ள ஆயில் தொட்டியில் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றினாலும், அதிலுள்ள இரும்புத்தூளும் கசடும் ஆயில் பம்பை அடைத்துவிடும்.

பவர் வீடர் வாங்குபவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பு பாரை, அதாவது பயிர் வரிசைகளின் இடைவெளியை, அளக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் காட்டில் ஒன்றரை அடி இடைவெளியில் பார் பிடித்துவிட்டு, இரண்டரை அடி அகலம் கிளறும் இயந்திரத்தைக் கொண்டுவந்தால் எந்த எஞ்சினும் உதவாது. தாளவாடி, வால்பாறை போன்ற மேட்டுப் பகுதிகளில் காற்று அடர்த்தி குறைவு. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.5 சதவீதம் திறன் குறையும் என்பதால் ஒரு படி கூடுதலாக எடுத்துக்கொள்வது நல்லது. பவர் வீடருக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியம் வேண்டுமென்றால் முதலில் விண்ணப்பித்துவிட்டு, ஏற்கப்பட்ட மாதிரிகளுக்குள்தான் வாங்க வேண்டும். வாங்கிவிட்டு ரசீதோடு அலைவதில் பயனில்லை.

உதிரிப்பாகம் பற்றி ஒன்றே ஒன்று: கார்புரேட்டர், கிளட்ச், ஸ்டார்ட்டர் கயிறு ஆகிய மூன்றும் பக்கத்து ஊர்க் கடையில் கையிருப்பில் உள்ளனவா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரிக்கலாம். கடையில் ஓட்டிக் காட்டும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும் நல்லது. சூடான எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். ஆறிய எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதைத்தான் வாங்குபவர் பார்க்க வேண்டும்.