நியூட்ரான் கருவிக்குப் பொறுப்பாளர் ஆவது எப்படி?

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நியூட்ரான் சிதறல் கருவிகளில் வேலை செய்ய எங்கே விண்ணப்பிப்பது? பொருளின் மேல் நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, அது சிதறும் விதத்திலிருந்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டு அதிர்கின்றன என்று அறியும் கருவிகள் இவை. கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்வது ஒரு வழி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்துகொண்டு, பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் இணைந்த யூ.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பின் மும்பை மையம் மூலம் டிராம்பேயின் துருவா அணு உலையில் கருவி நேரம் கேட்பது இன்னொரு வழி. வெளிநாடு என்றால் பிரான்சின் கிரெனோபிளில் ஐ.எல்.எல்., இங்கிலாந்தில் ஐசிஸ், அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆகிய நியூட்ரான் ஆய்வகங்கள். கல்பாக்கத்தில் காமினி உலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, யுரேனியம்-233இல் ஓடும் அந்த 30 கிலோவாட் உலை முக்கியமாக நியூட்ரான் கொண்டு பொருள்களின் உட்புறத்தைப் படம் பிடிப்பதற்குப் பயன்படுகிறது. சிதறிய நியூட்ரானின் ஆற்றலை அளக்கும் நிறமாலைமானியைத் தேடி அங்கே போகாதீர்கள்.

விண்ணப்பம் ஒரு மாதத்து வேலை. உள்ளே நுழைந்த பிறகு என்ன பழகுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். துருவாவில் தொடங்கி, பிறகு ஐரோப்பிய உலை ஒன்றில் மூவச்சு நிறமாலைமானியைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூவச்சுக் கருவியில் முதல் படிகம் குறிப்பிட்ட ஆற்றலுள்ள நியூட்ரான்களைப் பொறுக்கி, அளக்கப்படும் பொருளுக்கு, அதாவது மாதிரிக்கு, அனுப்பும். சிதறியவற்றில் குறிப்பிட்ட ஆற்றல் (இறுதி ஆற்றல்) உள்ளவற்றைப் பகுப்பாய்வுப் படிகம் பொறுக்கி டிடெக்டருக்கு அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நியூட்ரான் மாதிரியில் இழந்த ஆற்றல்.

முதல் ஆண்டில் கையால் கணக்குப் போடுங்கள். வெப்ப நியூட்ரானின் ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ரம், வேகம் நொடிக்கு 2200 மீட்டர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்றும் வர வேண்டும். அடுத்து, மூவச்சுக்காரர்கள் எல்லோரும் புழங்கும் 14.7 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலைநீளம் 2.36 ஆங்ஸ்ட்ரம். கிராஃபைட் படிகத்தின் தள இடைவெளி 3.355 ஆங்ஸ்ட்ரம். அலைநீளம், தள இடைவெளி, கோணம் மூன்றையும் இணைக்கும் பிராக் விதியில் போட்டால் கற்றை 41 டிகிரியைச் சற்றே தாண்டித் திரும்புகிறது. விடை வந்ததும் அதே அமைப்பை மெக்ஸ்டாஸில் கட்டிப் பாருங்கள். நியூட்ரான் கருவிகளைக் கணினிக்குள் உருவகித்துக் காட்டும், டென்மார்க்கின் ரீசோ ஆய்வகத்தில் பிறந்த இந்த இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். கையால் போட்ட கோணமும் திரையில் வரும் கோணமும் ஒத்துப்போகும் வரை விடாதீர்கள். கணினியில் தொடங்கிக் கணினியிலேயே முடிக்கிறவர்கள், கோணம் பிசகும்போது மோட்டாரைக் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

உலையா, நியூட்ரான்களை விட்டுவிட்டுத் துடிப்புகளாகத் தரும் துடிப்பு மூலமா என்று கேட்டால், முதலில் உலைக்குப் போங்கள் என்பேன். ஐசிஸ் போன்ற இடத்தில் முடுக்கி நொடிக்கு 50 முறை புரோட்டான்களைக் கொண்டுவந்து இலக்கில் மோதவிட்டு நியூட்ரான்களை வெளிவரச் செய்கிறது. நியூட்ரான் எப்போது புறப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்ற கால வித்தியாசத்திலிருந்து ஆற்றல் கிடைக்கிறது. பத்து மீட்டரை வெப்ப நியூட்ரான் கடக்க நாலரை மில்லி நொடி. ஆயிரக்கணக்கான டிடெக்டர் புள்ளிகளிலிருந்து தரவு ஒரே சமயத்தில் வந்து கொட்டும். அது பெரிய வசதி. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு எது எங்கிருந்து வருகிறது என்று புரியாது. மூவச்சுக் கருவி ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் அளக்கும். பொறுமையைச் சோதிக்கும்; ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் ஏன் என்று கேட்க வைக்கும்.

இந்தக் கருவிக்கும் இந்தியாவுக்கும் உறவு பழையது. 1956இல் இந்திய இயற்பியலாளர் பி. கே. ஐயங்கார் கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வகத்துக்குப் போய், மூவச்சுக் கருவியை உருவாக்கிய பெர்ட்ரம் பிராக்ஹவுஸிடம் வேலை பழகினார். இருவரும் சேர்ந்து ஜெர்மேனியப் படிகத்தின் அதிர்வுகளை அளந்து 1958இல் வெளியிட்டார்கள். பிராக்ஹவுஸுக்கு 1994இல்தான், கிளிஃபர்ட் ஷல்லோடு சேர்த்து, நோபல் பரிசு வந்தது. ஐயங்காரின் தலைமுறை திரும்பி வந்து டிராம்பேயிலேயே நிறமாலைமானிகளைக் கட்டியது. கட்டியவர்களுக்குக் கருவியின் எந்தத் திருகு எதற்கு என்று தெரியும். இன்று நமக்குக் கட்டி முடித்த கருவி கிடைக்கிறது என்பதால், அந்த அறிவை வேறு வழியில் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கருவி எங்கே பொய் சொல்கிறது என்று தேடுவது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பயனர் ஒருவர் அருமையான ஒற்றைப்படிகத்தோடு வருகிறார். 18.4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் கூர்மையான உச்சம் எழுகிறது. அவர் முகம் மலர்கிறது. பொறுப்பாளராகிய உங்கள் முகம் உடனே மலரக் கூடாது. மடங்கு ஆற்றல் நியூட்ரான்களைத் தடுக்கும் கிராஃபைட் வடிகட்டி வைக்காமல், இறுதி ஆற்றலை 14.7இல் நிறுத்தி அளந்திருந்தால் அந்த எண்ணே சந்தேகத்துக்குரியது. அந்தப் புள்ளியில் முதல் படிகம் 33.1க்கு அமைந்திருக்கும். அது 33.1 ஆற்றலுள்ள நியூட்ரான்களோடு, அலைநீளம் பாதி என்பதால் அதே கோணத்தில் பிராக் விதிக்குப் பொருந்தும், நான்கு மடங்கு ஆற்றல் உள்ளவற்றையும் கள்ளத்தனமாக அனுப்பிவைக்கும். பகுப்பாய்வுப் படிகமோ, அலைநீளம் மூன்றில் ஒன்றாக உள்ள, 14.7இன் ஒன்பது மடங்கையும் ஏற்றுக்கொள்ளும். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய 132தான். ஆகவே ஆற்றலை இழக்காமலேயே சிதறிய நியூட்ரான்கள், 18.4 இழந்தவை போலப் பதிவாகிவிடுகின்றன.

இதைப் பிடிக்கும் முறை இது. மாதிரிப் படிகத்தைச் சில டிகிரி சுழற்றுங்கள். உச்சம் அசையாமல் அங்கேயே நின்றால் அது படிகத்தின் அதிர்வாக இருப்பது கடினம். இறுதி ஆற்றலை மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். உண்மையான அதிர்வு அதே 18.4இல் இருக்கும், பொய் உச்சம் இடம் மாறும். பிறகு பகுப்பாய்வுப் படிகத்துக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் காட்மியத் தகட்டை வையுங்கள். அப்போதும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் நியூட்ரான்கள் மாதிரியின் வழியாக வரவில்லை, கவசத்தில் எங்கோ இடுக்கு இருக்கிறது. காட்மியத்தைச் சாதாரணக் கத்தரியால் வெட்டிவிடலாம், கையுறை கட்டாயம். அரம் போட்டுத் தேய்ப்பதோ சூடாக்குவதோ கூடவே கூடாது, நச்சு. கற்றை நேராக விழும் இடத்துக்குப் போரான் கார்பைடுதான் சரி. காட்மியம் நியூட்ரானை விழுங்கிவிட்டுக் கடுமையான காமாக் கதிரை வெளிவிடும்.

பின்னணி, அதாவது வேண்டாத எண்ணிக்கை, ஏறினால் பாதிக் குற்றம் பசையுடையது. ஹைட்ரஜன் அணு நியூட்ரானை எல்லாப் பக்கமும் வாரி இறைக்கும். சிதறும் வாய்ப்பைக் குறிக்கும் பார்ன் என்ற அலகில் அதன் அளவு 80. படிகத்தை ஒட்டக் கடைப் பசையில் ஒரு சொட்டு போதும், பின்னணி ஏறிவிடும். அலுமினியக் கம்பியால் கட்டுங்கள், அல்லது ஹைட்ரஜன் இல்லாத ஃபுளோரின் பசை வாங்குங்கள். அலுமினியமும் அப்பாவி அல்ல. 2.34 ஆங்ஸ்ட்ரம் இடைவெளிக்கு உரிய கோணத்தில் அதன் கோடு வந்து நிற்கும். தூள் மாதிரிக்கு வனேடியம் கலம் விரும்பப்படுவது இதனால்தான்: அது பிராக் உச்சம் ஏதும் காட்டாமல் சீராகச் சிதறடிக்கிறது. அதே குணத்துக்காக டிடெக்டர்களை ஒப்புச்செய்யவும் வனேடியத்தையே நாடுகிறோம்.

உலையில் நேரத்தை வைத்து எண்ணாதீர்கள், கற்றையில் வரும் நியூட்ரான்களை எண்ணும் மானிட்டரை வைத்து எண்ணுங்கள். உலையின் திறன் ஏறி இறங்கும். மாதிரியைக் கற்றையிலிருந்து எடுத்தவுடன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பவும் முடியாது, நியூட்ரான் பட்டதில் அது கதிரியக்கம் பெற்றிருக்கும். மாங்கனீசு என்றால் இரண்டரை மணி நேரத்தில் பாதி அடங்கும். கோபால்ட் என்றால் ஐந்தாண்டுக்கு மேல். படிகத்தை வளர்த்தவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சண்டை வரும்.

டிடெக்டரையும் கொஞ்சம் படியுங்கள். நியூட்ரானை எண்ணும் ஹீலியம்-3 வாயுக் குழாய்களை யாரும் கேள்வி கேட்காத காலம் ஒன்று இருந்தது. அந்த வாயு டிரிட்டியம் சிதைவதிலிருந்து கிடைப்பது. எல்லைக் காவல் கருவிகளுக்காக அமெரிக்கா அதை வாரிக்கொண்டதும் 2009 வாக்கில் தட்டுப்பாடு வந்து விலை பல மடங்கு ஏறியது. போரான்-10 பூசிய டிடெக்டர்களில் கை பழகியிருந்தவர்களை அப்போது தேடிப் பிடித்தார்கள்.

வேலையின் கசப்பையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயர் ஏராளமான கட்டுரைகளில் வரும், பெரும்பாலும் நடுவில். பதவி உயர்வுக் குழுவில் கருவி தெரியாதவர் யாராவது இருந்தால் அதைக் குறையாகப் பார்ப்பார். ஆகவே உங்களுக்கென்று ஒரு பொருள், ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்காரர்களுக்கென்று கிடைக்கும் உள்ளூர் நேர ஒதுக்கீட்டை அதற்கே செலவிடுங்கள். இரவு 2 மணிக்கு, கற்றையைத் துண்டாடும் சுழல் கருவியான சாப்பர் நின்றுவிட்டது என்று தொலைபேசி வரும்போது எரிச்சலைவிட ஆர்வம் அதிகமாகத் தோன்றினால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும்.

நேர்முகத் தேர்வில் நான் உட்கார்ந்தால் கேட்கும் கேள்வி இது: பின்னணியைக் கழிப்பதற்காக, மாதிரி இல்லாத வெற்றுக் கலத்தை எவ்வளவு நேரம் அளப்பீர்கள்? நேர விகிதம், எண்ணிக்கை வீதங்களின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மொத்த எண்ணிக்கையில் கால் பங்கு பின்னணி என்றால், மாதிரிக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைக் கலத்துக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் வருவித்துக் காட்டுபவரிடம் நான் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.