இ.ஜே.பி. பீனில் கால்பேக்கும் பரிவர்த்தனையும்: குறுஞ்செய்தியை எப்போது அனுப்புவது?

பேருந்து முன்பதிவுக்கான சர்வர் நிரல் ஒன்று இருக்கையை ஒதுக்கி, கட்டணத்தைப் பதிவு செய்து, பயணிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் தரவுத்தள வேலைகள் என்பதால், ஒரே பரிவர்த்தனையாக (முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத வேலைத் தொகுப்பாக) வைத்து, தேவைப்பட்டால் ரோல்பேக் செய்துவிடலாம், அதாவது எழுதியதை ரத்து செய்யலாம். போய்ச் சேர்ந்த குறுஞ்செய்தியைத் திரும்பப் பெற வழியில்லை. இதை மனத்தில் கொண்டு, ஜகார்த்தா இ.இ. (ஜாவாவில் சர்வர் நிரல்களுக்கான தரநிலைத் தொகுப்பு) சூழலில் அந்த நிரலை ஓர் இ.ஜே.பி. பீனாக, அதாவது சர்வரிலுள்ள கண்டெய்னர் உருவாக்கி நிர்வகிக்கும் ஜாவா ஆப்ஜெக்டாக, படிப்படியாக எழுதுவோம்.

முதலில் கிளாஸுக்கு மேல் @ஸ்டேட்லெஸ் (அழைப்புகளுக்கு இடையே அழைப்பவரின் நிலையை நினைவில் வைக்காத பீன்) என்று குறியிடுங்கள். 2020-இல் வந்த ஜகார்த்தா இ.இ. 9 முதல் பேக்கேஜ் பெயர்களின் தொடக்கம் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என மாறியிருப்பதால், பழைய எடுத்துக்காட்டுகளை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

அடுத்து, தொடக்க வேலைகளைக் கன்ஸ்ட்ரக்டரில் எழுதாமல் @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் குறியிட்ட மெத்தடில் எழுதுங்கள். கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது, கண்டெய்னர் ஃபீல்டுகளில் நிரப்ப வேண்டியவை இன்னும் நிரம்பியிருக்கமாட்டா. ஆனால் ஸ்டேட்லெஸ் பீனில், கண்டெய்னரே அழைக்கும் இந்தக் கால்பேக் மெத்தடுக்கு வரையறுக்கப்பட்ட பரிவர்த்தனை கிடையாது என்பதால், அங்கே தரவுத்தளத்தில் எதையும் எழுதாதீர்கள்.

மூன்றாவதாக முன்பதிவு மெத்தட். எதுவும் குறிப்பிடாவிட்டால் அதற்கு 'ரெக்வயர்ட்' என்ற பரிவர்த்தனைப் பண்பு பொருந்தும்: ஏற்கெனவே பரிவர்த்தனை இருந்தால் அதில் சேரும், இல்லையேல் புதிதாகத் தொடங்கும். முன்பதிவு தோற்றாலும் முயற்சி பதிவேட்டில் நிற்க வேண்டுமென்றால், பதிவேட்டில் எழுதும் மெத்தடுக்கு 'ரெக்வயர்ஸ் நியூ' கொடுத்து, அதை வேறொரு பீனில் வையுங்கள். அதே கிளாஸுக்குள் நேரடியாக அழைத்தால் அழைப்பு கண்டெய்னர் வழியே செல்லாது. பண்பும் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் எக்செப்ஷன்தான். ரன்டைம் எக்செப்ஷன் பீனிலிருந்து வெளியேறினால் பரிவர்த்தனை ரோல்பேக் ஆகும். அந்தப் பீன் ஆப்ஜெக்ட், நீக்கப்படும் முன் ஓட வேண்டிய @பிரிடெஸ்ட்ராய் கால்பேக் அழைக்கப்படாமலேயே கைவிடப்படும். மாறாக, 'இருக்கை இல்லை' என்று நீங்கள் உருவாக்கிய செக்டு எக்செப்ஷனை (கையாளும்படி கம்பைலர் கட்டாயப்படுத்தும் வகை) எறிந்தால், அதுவரை எழுதியவை கமிட் ஆகிவிடும், அதாவது தரவுத்தளத்தில் நிலைத்துவிடும்! அதைத் தடுக்க, அந்த எக்செப்ஷன் கிளாஸின் மேல் @அப்ளிகேஷன்எக்செப்ஷன் குறியிட்டு, அதில் ரோல்பேக்கின் மதிப்பை 'ட்ரூ' என்று கொடுங்கள்.

கடைசியாகக் குறுஞ்செய்தி. முன்பதிவு மெத்தடில் நேரடியாக அனுப்பாமல், சி.டி.ஐ. (ஜகார்த்தா இ.இ.யில் ஆப்ஜெக்டுகளை இணைத்துத் தரும் வசதி) ஈவென்ட் ஒன்றை வெளியிடுங்கள். அதைக் கேட்கும் மெத்தடின் @அப்சர்வ்ஸ் குறியில் 'ஆஃப்டர் சக்சஸ்' கட்டத்தைக் குறிப்பிட்டால், கமிட் வெற்றி பெற்ற பிறகே கண்டெய்னர் அதை அழைக்கும். ஈவென்ட் வெளியாகும்போது பரிவர்த்தனையே இல்லையென்றால் அந்த மெத்தட் உடனே ஓடிவிடும் என்பதைச் சோதனை எழுதும்போது மறக்காதீர்கள். கமிட்டுக்கும் குறுஞ்செய்திக்கும் இடையே சர்வர் நின்றுபோனால் செய்தி தொலைந்துவிடும். அது ஏற்க முடியாத இழப்பு என்றால், அனுப்ப வேண்டிய செய்தியை அதே பரிவர்த்தனையில் ஓர் அட்டவணையில் எழுதிவைத்து, டைமர் மூலம் பின்னர் எடுத்து அனுப்புங்கள்.