முள்ளை விடுங்கள், பூவைப் பாருங்கள்: மலையகத்து முட்கத்தரிகளை இனங்காண்பது எப்படி?

இலங்கையின் தேயிலை மலையில் வேலை செய்த யாரிடமாவது கானோரம் (வடிகால் ஓரம்) நிற்கும் ஒரு செடியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் "முள்ளுச்செடி" என்றுதான் பதில் வரும். பறிக்கும் கையைக் கீறுகிறது, இடுப்பில் கட்டும் படங்கைப் பிடித்து இழுக்கிறது. அவர்களுக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சில வருடங்களுக்கு முன் பண்டாரவளைப் பக்கம் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் நின்ற ஒரு செடியைப் போனில் படம் எடுத்து, "சுண்டை" என்று பெயர் எழுதி வைத்தேன். செடி பெயர் சொல்லும் ஒரு செயலியும் அதையேதான் சொன்னது. அம்மாயி (அம்மாவின் அம்மா) படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பூவு ஊதாவால்ல இருக்கு? சுண்டை வெள்ளையால்ல பூக்கும். இதத்தான் படிச்சியா தம்பி?" பள்ளிக்கூடப் பக்கமே போகாத அம்மாயி முதலில் பார்த்தது பூவை. நானும் செயலியும் பார்த்தது முள்ளை. இந்த விளக்கம் முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

நாம் பார்க்கப்போவது சொலானம் என்ற பேரினம். (இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதைச் 'சாதி' என்பார்கள். லயத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருப்பதால் நான் பேரினம் என்றே எழுதுகிறேன்.) தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட இந்தப் பேரினத்தில் 1,200-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வெலிமடை உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, நுவரெலியா கடைகளில் விற்கும் மரத்தக்காளி எல்லாம் இதற்குள்தான் அடக்கம். அவற்றில் ஒரு பெரிய கிளை முள்ளோடு வளர்வது. நமக்கு வேண்டியது அந்தக் கிளை. அதைத்தான் முட்கத்தரிகள் என்கிறேன்.

படி 1: கையில் என்ன வேண்டும்

10 மடங்கு பெரிதாக்கும் சிறிய கைவில்லை. நகை வேலை செய்பவர்கள் பாவிப்பது போன்றது போதும். ஓர் அடிமட்டம், கொப்பி, பென்சில். பேனா வேண்டாம், மூடுபனியில் மை ஊறிவிடும். தடித்த கையுறை. மழைக்காலமென்றால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு.

ஹோட்டன் சமவெளியிலும் ஹக்கலை இயற்கை ஒதுக்கிடத்திலும் எந்தச் செடியையும் பறிக்க முடியாது, அங்கே படம் மட்டும்தான். பயிற்சிக்குத் தோட்டத்துக் கானோரமும் தெருவோரமும் தாராளம்.

படி 2: அது என்ன முள்?

முள்ளை நம்பாதே என்று சொல்லிவிட்டு முள்ளிலிருந்தே தொடங்குகிறேன். காரணம், முள் உங்களுக்குச் செடியின் பெயரைச் சொல்லாது, ஆனால் எது இல்லை என்பதைச் சொல்லும்.

தேசிக்காய் மரத்தைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் மூலையில், மொட்டு வரவேண்டிய இடத்தில் முள் நிற்கும். அது கிளை உருமாறி வந்த முள். கள்ளிச்செடியில் இருப்பது இலை உருமாறியது. கிளை உருமாறி வந்த முள்ளுக்கு உள்ளே நரம்பு ஓடும், உடைத்தால் நார் தெரியும். மூன்றாவது வகை ரோஜாவினுடையது. அது தண்டின் தோல் மட்டும் தடித்து வளர்ந்தது. பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் 'டக்' என்று கழன்று, அடியில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும். இது இலை மூலைக்குக் காத்திருக்காது. தண்டு, காம்பு, இலை நரம்பு, சில இனங்களில் பூவின் புல்லி (பூவுக்கு அடியில் இருக்கும் பச்சை மடல்) வரை எங்கு வேண்டுமானாலும் வரும்.

முட்கத்தரிகள் எல்லாம் இந்த மூன்றாவது வகை. முள் இலை மூலையில் மட்டும் ஒழுங்காக நிற்கிறதென்றால் உங்கள் செடி சொலானம் அல்ல.

ரோஜாவும் கத்தரியும் உறவே இல்லாத செடிகள். ஆனாலும் இரண்டிலும் முள் வருவதற்குப் பின்னால் ஒரே மரபணுக் குடும்பம் இருக்கிறது என்று 2024-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஓமோனை உண்டாக்க உதவும் மரபணுக்கள் அவை. மனிதர்கள் வளர்த்த கத்தரியில் முள் இல்லாமல் போனதும் அதில் வந்த மாற்றத்தால்தான். ஒரு மரபணு கெட்டால் முள் போய்விடும் என்றால், முள்ளை வைத்து உறவுமுறை சொல்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பூவின் நடுவே பாருங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் படியையும் தவறவிட்டாலும் இது ஒன்று சரியாக வந்தால் பேரினம் கிடைத்துவிடும்.

சொலானம் பூவில் 5 இதழ்களும் அடியில் ஒட்டி ஒரு நட்சத்திரம் போல விரியும். நிறம் வெள்ளையோ ஊதாவோ, அதைப் பிறகு பார்க்கலாம். நட்சத்திரத்தின் நடுவே பளிச்சென்ற மஞ்சளில் 5 மகரந்தக்கூடுகள் ஒன்றோடொன்று சாய்ந்து கூம்பு போல நிற்கும். அவற்றைத் தாங்கும் தாள்கள் மிகக் குட்டை, கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். கூம்பின் நடுவிலிருந்து சூலகத்தின் தண்டு மட்டும் எட்டிப் பார்க்கும்.

இப்போது வில்லையை எடுங்கள். மகரந்தக்கூட்டின் நுனியில் ஊசியால் குத்தியது போல இரண்டு சிறிய துளைகள் தெரியும். பெரும்பாலான பூக்களில் மகரந்தக்கூடு நீளவாக்கில் பிளந்து மகரந்தத்தைக் கொட்டும். இங்கே அது உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது, உப்புப்போத்தலில் உப்பு இருப்பது போல. முட்கத்தரிகளில் கூடு நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். முள் இல்லாத மணத்தக்காளியில் அது மொட்டையாக, ஒரே பருமனாக இருக்கும். இந்த ஒடுக்கம் முள்ளை விட நம்பகமான அடையாளம். முள்ளே இல்லாத தோட்டத்துக் கத்தரிப் பூவைப் பிரித்துப் பாருங்கள், அதுவும் முட்கத்தரிக் கூட்டம்தான் என்று அந்தக் கூம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் மகரந்தம் எப்படி வெளியே வருகிறது? காலையில் ஒரு பூவின் முன்னால் கொஞ்சம் பொறுமையாக நில்லுங்கள். தச்சன் வண்டோ, வயிற்றில் நீலப்பட்டை போட்ட சிறிய தேனீயோ வந்து கூம்பைக் கட்டிப்பிடித்து 'ஸ்ர்ர்ர்' என்று ஓர் ஓசை எழுப்பும். பறக்கும் தசையை அதிரவைத்து, துளை வழியாக மகரந்தத்தை உதிர்க்கிறது. பூவில் தேன் கிடையாது, மகரந்தத்துக்காகத்தான் இத்தனை பாடு. நம் கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பள்ளி ஆய்வுகூடத்து இசைக்கவையைத் தட்டி, மலர்ந்த பூவின் கூம்பில் மெல்லத் தொட்டால் நீங்களே செய்து பார்க்கலாம். கறுப்புத் துணி ஒன்றைக் கீழே பிடித்தால் மஞ்சள் தூள் விழுவது தெரியும். தரம் 6 பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

படி 4: இலையும் பழமும்

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி வரும். சில இடத்தில் ஒரு பெரிய இலையும் ஒரு சிறிய இலையும் சோடியாக நிற்கும். இலையின் அடிப்பக்கத்தை வில்லையில் பார்த்தால், மயிர்கள் ஒற்றை நூலாக இல்லாமல் குட்டி நட்சத்திரங்களாகக் கிளைத்திருக்கும். முட்கத்தரிக் கிளையின் கையெழுத்து அது. பூங்கொத்து பல நேரம் இலை மூலையை விட்டு விலகி, இரண்டு இலைக்கு நடுவே தண்டிலிருந்தே கிளம்பும். பழம் சதைப்பற்றானது, வெட்டினால் உள்ளே தட்டையான விதைகள் நிறைய. காம்போடு பச்சைத் தொப்பியாக ஒட்டியிருப்பது பூவில் இருந்த அதே புல்லி.

சுவைத்துப் பார்த்து இனங்காணவே கூடாது. இந்தக் குடும்பத்தில் பச்சைக் காய்கள் பலவற்றில் நச்சுப் பொருட்கள் உண்டு. ஊமத்தையும் இதே குடும்பம்தான். அதன் காயில் முள் இருப்பதால் புதியவர்கள் முட்கத்தரி என்று ஏமாறுகிறார்கள். ஊமத்தைப் பூ நீண்ட குழல், காயோ முற்றினால் வெடிக்கும். பூவைப் பார்த்திருந்தால் ஏமாற இடமில்லை.

படி 5: இனத்துக்கு வருதல்

இப்போது பேரினம் உறுதி. இனத்தைப் பிடிக்க இரட்டைத் தெரிவுச் சாவி பாவிக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு கூற்றுகள் இருக்கும். உங்கள் செடிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து, அது காட்டும் எண்ணுக்குப் போங்கள். இது நான் தொடக்கநிலைக்காக எழுதியது. இலங்கையின் எல்லா இனமும் இதில் இல்லை.

1அ. பூ வெள்ளை: 2-க்குப் போங்கள்.
1ஆ. பூ ஊதா: 3-க்குப் போங்கள்.

2அ. பழம் வழவழப்பு, கொத்தாகக் காய்க்கும், ஆளுயரத்துக்கு மேலும் வளரும் புதர்: சுண்டை, சொலானம் டோர்வம்.
2ஆ. பழம் முழுக்க மயிர், பழுத்தால் செம்மஞ்சள்: சிங்களத்தில் மலபட்டு, சொலானம் லாசியோகார்ப்பம்.

3அ. வேலியில் கொடியாக ஏறும், இலை பெரும்பாலும் மூன்று மடல், பழம் சிவப்பு: தூதுவளை, சொலானம் டிரைலோபேட்டம்.
3ஆ. கொடியாக ஏறாது: 4-க்குப் போங்கள்.

4அ. தரையோடு படரும், முள் நேராக மஞ்சள் ஊசி போல, காயில் பச்சையும் வெள்ளையுமாக வரி, பழுத்தால் மஞ்சள்: கண்டங்கத்தரி, சொலானம் வர்ஜினியானம்.
4ஆ. நிமிர்ந்த புதர், தண்டு முள் கொக்கி போல வளைந்தது, கடலை அளவுச் சிறுபழம் கொத்தாக, பழுத்தால் செம்மஞ்சள்: கறிமுள்ளி, சிங்களத்தில் திப்பட்டு, சொலானம் வயலேசியம்.

ஊதாப் பூ இனங்களில் எப்போதாவது வெள்ளைப் பூச் செடியும் வரும். அதனால் ஒரு செடியோடு நிறுத்தாமல் பக்கத்தில் நிற்கும் நாலைந்தைப் பாருங்கள். தூதுவளையும் கண்டங்கத்தரியும் வெயிற்காட்டுச் செடிகள். நுவரெலியாக் குளிரில் உங்கள் சாவி அந்தப் பெயரில் போய் நின்றால், எங்கோ ஒரு திருப்பத்தில் தவறிவிட்டீர்கள் என்று சந்தேகப்படுங்கள்.

படி 6: பெயர்கள் ஏன் மாறுகின்றன

பழைய வைத்திய நூலில் கறிமுள்ளியைச் 'சொலானம் இண்டிகம்' என்று பார்ப்பீர்கள். அந்தப் பெயரை ஆளுக்கொரு செடிக்கு வைத்துக் குழப்பியதால் கடைசியில் அதையே கைவிட வேண்டியதாயிற்று. கண்டங்கத்தரி ஆசியச் செடி, ஆனால் அதன் பெயரில் அமெரிக்காவின் வர்ஜினியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழை என்று தெரிந்தாலும் முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி. தக்காளியை 1754-இல் பிலிப் மில்லர் தனிப் பேரினமாகப் பிரித்தார். மரபணுவைப் படித்த பிறகு உருளைக்கிழங்குக்குப் பக்கத்திலேயே திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மரத்தக்காளிக்கும் அதே கதை.

இந்த முறை கத்தரிக்கு மட்டும் உரியதல்ல. இமயத்து உயர்மலைப் புல்வெளிகளில் மொரினா என்றொரு முட்செடி உண்டு. அதன் இலை விளிம்பெல்லாம் முள், பார்த்தவுடன் சூரியகாந்திக் குடும்பத்து முட்செடி என்றுதான் தோன்றும். பூவைப் பார்த்தால் நீண்ட குழல்கள் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கின்றன. அதன் உண்மையான உறவு ஹனிசக்கிள் என்ற பூக்கொடியின் குடும்பம். நம் மலையின் உச்சியான பிதுருதலாகலை 2,524 மீட்டர்தான், பனிக்கோடும் இல்லை, மொரினாவும் இல்லை. ஆனால் ஏமாறும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

படி 7: உலர்த்திப் பதிவு செய்தல்

பூவும் காயும் உள்ள ஒரு சிறு கிளையைப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்துங்கள். பெரிய காய் என்றால் குறுக்கே வெட்டி வையுங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பருவமழையில் எங்கள் வீட்டில் எதுவுமே காய்வதில்லை, என் முதல் மூன்று மாதிரிகளும் பூஞ்சணம் பிடித்துப் போயின. நாலாவதை அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் வைத்தேன். புகை வாசனையோடு அருமையாகக் காய்ந்தது.

காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும். ஆகவே விபரத்தை அன்றைக்கே எழுதிவிடுங்கள். சந்தேகம் தீராத மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்கப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில், உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது. எழுத வேண்டியது நீளமில்லை. என் நாலாவது மாதிரியின் துண்டில் இருப்பது இவ்வளவுதான்:

சொலானம் வயலேசியம். பண்டாரவளைக்குக் கீழே, சுமார் 1,100 மீட்டர், லயத்துக்குப் பின்னால் கானோரம். உயரம் 1 மீட்டர். பூ ஊதா. முள் வளைந்தது. பழம் செம்மஞ்சள். ஊர்ப்பெயர்: முள்ளுச்செடி. முதலில் சுண்டை என்று எழுதியது பிழை. திருத்தியவர்: அம்மாயி.