மலிவு ரைபிளுக்கு டிரிகர் மாற்றப் போகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மோஸ்பர்க் பேட்ரியட் போன்ற விலை குறைந்த வேட்டை ரைபிள்கள் குறி தவறாமல் சுடுவதில் சளைத்தவை அல்ல. குழலில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிப்பது பின்கட்டையிலும் டிரிகரிலும்தான். அதனால் வாங்கிய ஒரு மாதத்துக்குள் "முதல்ல டிரிகரை மாத்துங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். (இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இது அமெரிக்கா, கனடா பக்கம் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு.)

மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் பலரும் 'டிரிகரை இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும்' என்ற ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். குறைந்த எண் என்றால் நல்ல டிரிகர் என்று நினைப்பு. சறுக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இழுவை எடை முக்கியம்தான், மறுக்கவில்லை. இந்த ரகத் துப்பாக்கி ஒன்று ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். டிரிகரை இழுக்க 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோ விசை வேண்டுமென்றால், கிட்டத்தட்ட துப்பாக்கியின் எடை அளவுக்கு ஒற்றை விரலால் இழுக்கிறீர்கள். குறி ஆடாமல் என்ன செய்யும்? அதற்காக ஒன்றரை பவுண்டுக்கு இறங்கிவிடக் கூடாது. மேசையில் சாய்த்து வைத்து காகிதத்தில் சுடுகிறவர்களுக்கு அது சரி. நவம்பர் குளிரில், கையுறை போட்ட விரலுக்கு டிரிகர் எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. நண்பர் ஒருவர் அப்படி லேசாக வைத்த டிரிகரோடு சுடுதளத்துக்கு வந்தார். விரல் பட்டதும் வெடித்துவிட்டது. குழல் மண்மேட்டைப் பார்த்து இருந்ததால் பிழைத்தோம். வேட்டைக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை பவுண்டு போதும்.

எடையைவிட நான் பெரிதாகப் பார்ப்பது இழுப்பின் தன்மையை. விரலை அழுத்தும்போது டிரிகர் மணலில் இழுத்தமாதிரி நறநறவென்று நகர்ந்து, எப்போது விடும் என்றே தெரியாமல் இருந்தால் அதற்கு 'கிரீப்' என்று பேர். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் 'சியர்' என்கிற சின்ன எஃகுத் துண்டு விளிம்பிலிருந்து வழுக்கி விலகும் தூரம் அது. கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் 'டக்'கென்று விடும் நாலு பவுண்டு டிரிகர், இழுத்துக்கொண்டே போகும் மூன்று பவுண்டைவிட எவ்வளவோ மேல். கனடாவின் டிரிகர்டெக் கம்பெனி சியருக்கு நடுவில் ஒரு சின்ன உருளையை வைப்பதும் இந்த உரசலைக் குறைக்கத்தான். அப்புறம், வெடித்த பிறகும் டிரிகர் பின்னால் ஓடுமே, அந்த 'ஓவர்டிராவல்' குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கையில் இருப்பதைச் சோதிக்காமலே புதியதற்கு ஆர்டர் போடுவதும் நிறைய நடக்கிறது. ரூகர் அமெரிக்கனில் இருக்கும் டிரிகரை 3 முதல் 5 பவுண்டு வரை நாமே மாற்றி வைக்கலாம். கட்டையைக் கழற்றி ஒரு திருகைத் திருப்பினால் ஆயிற்று. பேட்ரியட்டிலும் அந்த வசதி உண்டு. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 150 டாலருக்குப் புது டிரிகர் வாங்கியவர்களைத் தெரியும். சரி, ஏற்கெனவே எத்தனை பவுண்டு என்று எப்படித் தெரியும்? டிரிகர் இழுவையை அளக்கும் அளவி வைத்துப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். அளவி இல்லையென்றால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் அளந்து சொல்வார். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒருமுறை மூன்று, மறுமுறை நாலரை என்று தாவினால் கோளாறு அதில்தான்.

பெயரை நம்பி வாங்குவதிலும் கவனம் வேண்டும். பழைய ஆக்சிஸும் ஆக்சிஸ் 2-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இரண்டாவதில் இருப்பது சாவேஜின் அக்யூடிரிகர், நடுவில் ஒரு மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தகட்டை அழுத்தாமல் டிரிகர் விலகினால் சியர் அதில் சிக்கி நின்றுவிடும், போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை, திறந்து மூடினால்தான் மறுபடி சுட முடியும். ஒன்றுக்குச் செய்த மாற்று டிரிகர் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். மாடலை மட்டும் சொல்லாமல் எந்தத் தலைமுறை, என்ன டிரிகர் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ரெமிங்டன் 700 வகை ரைபிள்களில் சேஃப்டி டிரிகர் கூட்டிலேயே இருக்கிறது. ஆக, டிரிகரை மாற்றினால் சேஃப்டியையும் மாற்றுகிறீர்கள். புதியதின் சேஃப்டி நெம்புகோல் பழைய கட்டையில் உரசினால் பாதியில் நின்றுவிடும். கட்டையைக் கொஞ்சம் அரத்தால் தேய்க்க வேண்டி வரலாம்.

இன்னொரு கூட்டம் உண்டு: காசு செலவழிக்காமல் பழைய டிரிகரின் ஸ்பிரிங்கை வெட்டுவது, சியரை எண்ணெய்க்கல்லில் தேய்ப்பது. இது மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பதெல்லாம் மயிரிழை அளவுகள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த, 700 ரைபிள்களில் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர்களை ரெமிங்டன் 2014-ல் திரும்ப அழைத்தது. உள்ளே போட்ட பசை அளவுக்கு மிஞ்சியதால், தொடாமலே வெடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். தொழிற்சாலையிலேயே ஒரு சொட்டுப் பசை இந்தப் பாடு படுத்துகிறது. பழைய 700 வாங்குகிறவர்கள் அந்தத் தேதிகளைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

டிரிகருக்குள் எண்ணெய் ஊற்றுவதும் வழக்கமாகிவிட்டது. குளிரில் எண்ணெய் கெட்டியாகும், தூசியையும் பிடித்து வைக்கும். சியர் மெதுவாகத் திரும்பும், அல்லது திரும்பாமலே போகும். உலர்ந்தே இருக்கட்டும்.

மாட்டிய பிறகு தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, துப்பாக்கியைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி இதைச் செய்யுங்கள். சேஃப்டி போட்டு டிரிகரை இழுங்கள், விரலை எடுத்த பிறகு சேஃப்டியை விடுங்கள். விடும்போது வெடிக்க வைக்கும் ஊசி பாய்ந்தால் டிரிகரைக் கழற்றிவிடுங்கள். அடுத்து போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள், ரப்பர் சுத்தியலால் கட்டையின் பின்புறத்தைத் தட்டுங்கள். இதில் எதிலும் ஊசி பாயக் கூடாது. ஒருமுறை பாய்ந்தாலும் பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கட்டையைக் கழற்றி மாட்டியதில் குறி மாறியிருக்கும், திருகுகளை கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கி, ஸ்கோப்பை மறுபடி சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் சீசன், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்குகிறது. அந்த வாரத்தில் டிரிகரை மாற்றினால், சுட்டுப் பழக இருக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.