வாடகைக்கு விட முதல் வீடு வாங்கக் கடன் எடுக்கும் முன்

வீடு பார்க்கப் போகாதீர்கள், முதலில் கடன் தருபவரிடம் போய் உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடப்போகும் வீடு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், முன்பணமும் வட்டியும் அதைப் பொறுத்து மாறும்.

அப்புறம் கணக்கு. மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,200 வரும் என்று நினைப்போம், ஆனால் ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 1,100தான், அதில் வரி, காப்பீடு, ஒழுகும் குழாய், பெயின்ட் என்று 250 போனால் மிச்சம் 850. மாதத் தவணை 70 என்றால் தப்பித்தீர்கள், 80 என்றால் வருடத்துக்கு 110 உங்கள் கையிலிருந்து போகும். இந்தக் கணக்கு ஒத்துவராத வீட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் எடுத்தால் முதல் தவணையில் 100க்கு 83 வட்டிக்கே போய்விடும், அதனால் ஆரம்ப வருடங்களில் கூடுதலாகக் கட்டுகிற ஒவ்வொரு காசும் நிறைய வட்டியை மிச்சப்படுத்தும். முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா, வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

சேமிப்பு முழுவதையும் முன்பணத்தில் கொட்ட வேண்டாம். ஆறு மாதத் தவணையாவது தனியாக இருக்கட்டும்.